சீனி வருத்தம் உள்ளவரா? உங்கள் பாதங்களைப் பாருங்கள்

படுவான்கரையிலோ வாகரையிலோ சொந்தக் காணிக்குத் திரும்பியதும் முதல் வேலை வளவைத் துப்புரவாக்குவதுதான். பற்றைக்குள் தகரத் துண்டு, துருப்பிடித்த ஆணி, உடைந்த போத்தல் கிடக்கும். வாவிக்குள் இறங்கினால் ஊரி கிழிக்கும். மற்றவர்களுக்கு இது சிறு காயம். நீரிழிவு, அதாவது சீனி வருத்தம் உள்ளவருக்கு இதுவே பெரும் புண்ணாகி, விரலையோ காலையோ அகற்றும் நிலைக்குக் கொண்டுபோகலாம்.

ஏன் இப்படி?

இரத்தத்தில் சீனி நெடுங்காலம் கூடியிருந்தால் பாத நரம்புகள் பழுதடையும். முள் குத்தினாலும் நோகாது. நோகாதபடியால் அதன் மேலேயே நடப்பீர்கள். இரத்தக் குழாய்களும் ஒடுங்கினால் காயம் எளிதில் ஆறாது.

உங்களுக்கு ஆபத்து உண்டா?

1. பாதத்தில் விறைப்பு அல்லது எரிவு உள்ளதா?
2. முன்பு பாதத்தில் புண் வந்ததா? விரல் அகற்றப்பட்டதா?
3. நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றதும் குறைகிறதா?
4. விரல்கள் வளைந்துள்ளனவா? பாதத்தில் தோல் தடித்துள்ளதா?
5. சிறுநீரக நோய் உள்ளதா?

ஒன்றுக்கேனும் "ஆம்" என்றால் வைத்தியரிடம் பாதங்களைக் காட்டுங்கள். முன்பு புண் வந்தவருக்கு மீண்டும் வரும் ஆபத்து மிக அதிகம். ஒன்றும் இல்லாதவரும் வருடம் ஒரு முறை பரிசோதிக்க வேண்டும்.

வீட்டில் செய்யும் தொடு சோதனை

கண்களை மூடிக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள ஒருவர் இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியை ஓரிரு செக்கன் மெதுவாகத் தொடட்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொடுவதை உணர்ந்தால் சொல்லுங்கள். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்ச்சி குறைந்துள்ளது. கிளினிக்கில் 10 கிராம் நைலோன் இழையால் இதை உறுதிப்படுத்தலாம்.

தினமும் செய்ய வேண்டியவை

• இரவில் பாதங்களைக் கழுவி, விரலிடுக்கையும் துடையுங்கள். உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள்.
• வீட்டுக்குள்ளும் செருப்பு அணியுங்கள். போடுமுன் உள்ளே தட்டிப் பாருங்கள்.
• தடித்த தோலை பிளேட்டால் வெட்டாதீர்கள். காயத்தில் சாம்பல், கோப்பித்தூள் வைக்காதீர்கள்.

புண், வீக்கம், நிறமாற்றம், துர்நாற்றம் கண்டால் அன்றே போங்கள். வாவி கடந்து மட்டக்களப்புக்குப் போகவேண்டுமே என்று தள்ளிப்போடாமல், முதலில் அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் காட்டுங்கள். அங்கு சிகிச்சை இலவசம். இடம்பெயர்வில் கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால், குடித்து முடித்த மருந்து அட்டையைக் கொண்டுபோங்கள்.

நோவில்லை என்பதால் புண் சிறிது என்று எண்ணிவிடாதீர்கள்.