லயத்துச் சுவர்களும் வரலாற்றுச் சாட்சியமே

மலையகத்தின் பழைய கட்டடங்கள் என்றதும் எமது நினைவுக்கு உடனடியாக வருபவை இரண்டு. ஒன்று துரைமார் வாழ்ந்த பங்களா. மற்றையது மலைச்சரிவில் பல மாடிகளுடன் எழுந்து நிற்கும் தேயிலைத் தொழிற்சாலை. இவ்விரண்டும் இன்று மரபுரிமை என்ற மதிப்பைப் பெற்றுவிட்டன. கந்தப்பளையின் ஹெதர்செட் தொழிற்சாலை 1996 இல் உல்லாச ஹோட்டலாக மாற்றப்பட்டது. கொழுந்து வாட்டிய அதன் மாடிகள் விருந்தினர் அறைகளாயின. கண்டி ஹந்தானையில் 1925 இல் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட தொழிற்சாலை 2001 இல் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும், அக்கொழுந்தைப் பறித்தவர்கள் வாழ்ந்த லயங்கள் இந்தப் பட்டியலில் எங்கே என்ற கேள்வியை நாம் எழுப்பாதிருக்க முடியாது.

தொழிற்சாலையின் அமைப்பு தொழிலின் தேவையிலிருந்து பிறந்தது. மேல் மாடிகளில் காற்று தாராளமாகப் புகுந்து கொழுந்து வாடவேண்டும் என்பதற்காகவே வரிசை வரிசையாக யன்னல்கள் வைக்கப்பட்டன. வாடிய கொழுந்து மேலிருந்து கீழே இறக்கப்பட்டு, அரைத்தல், புளிக்கவைத்தல், உலர்த்தல் என்ற படிகளைக் கடந்து தேயிலையாகின்றது.

லயத்தின் அமைப்பும் அவ்வாறே ஒரு தேவையிலிருந்து பிறந்ததுதான். குறைந்த செலவில், குறைந்த நிலத்தில், கூடுதலான தொழிலாளரைத் தங்கவைத்து, விடியற்காலையில் அவர்கள் அனைவரையும் பிரட்டுக்களத்தில் நிறுத்துவதே அத்தேவை. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவிலான ஒரு காம்பரா, முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு, மேலே தகரக் கூரை. இரட்டை லயமாயின் பின்சுவரும் பொதுச்சுவர், காற்றோட்டத்துக்கு வழியில்லை. கோப்பிக் காலத்தில் தோன்றிய இவ்வமைப்பு, 1869 இல் பரவத் தொடங்கிய இலைநோயினால் கோப்பி அழிந்த பின்னரும் தேயிலையுடன் தொடர்ந்தது. தோட்டத்து மனிதரை ஆட்சியாளர் எவ்வாறு கணக்கிட்டனர் என்பதை எந்த ஆவணத்தையும் விடத் தெளிவாகச் சொல்வது இச்சுவரே.

இங்கு ஒன்றை ஐயத்துக்கிடமின்றிக் கூறிவிடுகின்றோம். லயங்களில் மக்கள் தொடர்ந்து வாழவேண்டும் என்று நாம் கூறவில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையும் அவற்றில் வாழ்ந்தவர்களையும் விழுங்கியதை எவரும் மறந்திருக்க முடியாது. பாதுகாப்பான நிலத்தில் சொந்தக் காணியும் தனி வீடும் கிடைக்கவேண்டும் என்பது மலையக மக்களின் நீண்டகாலக் கோரிக்கை. மரபுரிமையின் பெயரால் ஒரு குடும்பத்தின் வீடுகூடத் தாமதமாகக் கூடாது. மக்கள் குடிபெயர்ந்த பின்னர் எஞ்சும் லயங்களைப் பற்றியே எமது பேச்சு. அனைத்தையும் இடித்துவிட்டால், இருநூறு ஆண்டு வாழ்வுக்குக் கண்முன் நிற்கும் சாட்சியம் எஞ்சாது. பங்களாவை மட்டும் பார்த்துச் செல்லும் எதிர்காலத் தலைமுறை, தேயிலையின் கதையைத் துரைமாரின் கதையாகவே அறிந்துகொள்ளும்.

சட்டத்தில் இதற்கு இடமுண்டு. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான 1815 மார்ச் 2 ஆம் திகதியை ஓர் எல்லையாகக் கொள்கின்றது. அதற்குப் பிற்பட்ட கட்டடங்களையும் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களாக வர்த்தமானி மூலம் பிரகடனம் செய்யலாம். தோட்டக் கட்டடங்கள் யாவும் இப்பிற்காலத்தைச் சேர்ந்தவை. ஆகவே, கேட்பார் இல்லையேல் அவற்றுக்குப் பாதுகாப்பும் இல்லை. தோட்டக் காணிகளின் உரிமை அரசிடமே உள்ளது. கம்பனிகள் குத்தகைக்காரர் மாத்திரமே. எனவே பொறுப்பும் அரசினுடையதே.

வழிகாட்டும் முன்மாதிரிகளும் உள்ளன. கம்பளை பரதெக்கவில் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007 இல் ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியது. மொரீசியஸில் ஒப்பந்தக் கூலிகள் கரையிறங்கிய ஆப்பிரவாசி காட் என்ற இடம் 2006 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கு கரையிறங்கியவர்களுள் தமிழரும் இருந்தனர். அத்தீவு தன் துயரத்தை மறைக்கவில்லை. அதனைத் தன் வரலாற்றின் வாயிலாக்கியது.

பெருந்தோட்டங்கள் உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் தொழிற்சாலை, லயம், பிள்ளைக் காம்பரா, பிரட்டுக்களம், தோட்டத்துக் கோவில் ஆகியவை ஒருங்கே அமைந்த ஒரு தொகுதியையேனும் தெரிவுசெய்து காக்கவேண்டும். இடிக்கப்படும் ஏனைய லயங்கள் அதற்கு முன்னர் அளந்து வரையப்பட்டு, படம்பிடிக்கப்பட்டு, அங்கு வாழ்ந்த முதியோரின் நினைவுகளும் பதிவு செய்யப்படவேண்டும். பல்கலைக்கழகங்கள் மாணவரைக் கொண்டு இப்பணியைச் செய்விக்கலாம்.

இது மலையகத்தாரின் விடயம் மட்டுமே என்று கொழும்பு வாசகர்கள் ஒதுங்கிவிடலாகாது. புகையிரதம் வருவதற்கு முன்னர் தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களுடன் மலைநாட்டுப் பாதைகளில் வணிகம் செய்தவர்களுள் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் வேலை செய்யும் இளைஞர் பலரின் பிறந்த இடம் ஒரு லயத்துக் காம்பராவே. அந்தக் காம்பராவை விட்டு வெளியேறுவது அவர்களின் உரிமை. அதனை அழியவிடாது காப்பது எம் அனைவரதும் கடமை.