பனங்காட்டுக் கோபுரங்கள்

தேரிக்காட்டுச் செம்மண் வழியே மெஞ்ஞானபுரத்தை நெருங்குகிறவர்களுக்கு ஊர் தெரிவதற்கு முன்பே கோபுரம் தெரிந்துவிடும். நெடிய பனைகளையும் குட்டையாக்கிவிட்டு நிற்கும் அதன் உயரம் 192 அடி.

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் தென்கோடியில் இப்படிப் பல கிராமத்துத் தேவாலயங்கள் இருக்கின்றன. கட்டி முடிக்க எத்தனை ஆண்டு ஆயிற்று? உள்ளே யார் எங்கே உட்கார்ந்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளோடு போகிறவருக்கு அங்குள்ள சுவர்கள் நிறையச் சொல்லும்.

மெஞ்ஞானபுரத்துக்கு 1837இல் வந்தவர் வேல்ஸ் நாட்டு மிஷனரி ஜான் தாமஸ். மணற்காட்டில் கிணறு வெட்டி, மரம் நட்டு, ஊரை வளர்த்தார். தூய பவுல் ஆலயம் 1847இல் திறக்கப்பட்டது. கோபுரம் முடிய 1868 ஆயிற்று. இரண்டே ஆண்டில் அவர் மறைந்தார்.

இடையன்குடிக்காரர்கள் அதைவிட அதிகம் காத்திருந்தார்கள். 1841இல் அங்கு வந்த ராபர்ட் கால்டுவெல் 1847இல் அடிக்கல் நாட்டிய ஆலயம் 1880இல்தான் நிறைவடைந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள்! இடையே, 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை அவர் வெளியிட்டுவிட்டார். அவருடைய மனைவி எலைசா ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். கொடைக்கானலில் 1891இல் காலமான கால்டுவெல்லை இடையன்குடிக்கே கொண்டுவந்து அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

கடலோர மணப்பாடு இன்னும் பழைய கதை. பரதவர் வாழும் இவ்வூருக்குப் புனித சவேரியார் வந்தது 1542இல். அவர் தங்கிய குகை இன்றும் இருக்கிறது. மணல்மேட்டின் உச்சியில் நிற்கும் திருச்சிலுவை ஆலயம் 1581இல் எழுந்தது. செப்டம்பர் 14 திருவிழாவன்று மேடு முழுக்கச் சனக்கூட்டம். நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் வேறு நாளில் போவது நல்லது.

வார நாட்களில் சிற்றூர் ஆலயங்கள் பல பூட்டியே கிடக்கும். அதனால் திரும்பிவிட வேண்டியதில்லை. பக்கத்தில் கேட்டால் சாவி யாரிடம் என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் உபதேசியார் வீட்டில் இருக்கும். செருப்பை வாசலில் விட்டுச் செல்ல வேண்டும். சி.எஸ்.ஐ. ஊர்களில் அசனப் பண்டிகை நாளில் போய்ச் சேர்ந்தால் ஊர்கூடிச் சமைத்த சோற்றுப் பந்தியில் வெளியூராருக்கும் இடமுண்டு.

கடைசியாக வடக்கன்குளம். 2022இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர் இது. ஆனால் இப்போதுள்ள திருக்குடும்ப ஆலயம் 1872இல் கட்டப்பட்டது. மற்ற கோயில்களைப்போல் இதற்கு ஒரே மண்டபம் கிடையாது. பலிபீடத்திலிருந்து கால்சட்டையின் இரு கால்கள்போல் இரண்டு மண்டபங்கள் பிரிந்து போகின்றன. வெள்ளாளர் ஒன்றில், நாடார் மற்றொன்றில், இடையே சுவர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமலே ஒரே பூசை கண்டார்கள். 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. மீண்டும் பிரிவினை கேட்டுத் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றும் வெல்லவில்லை.

சுவர் போனாலும் கட்டடத்தின் வடிவம் அப்படியே இருக்கிறது. பலிபீடத்தின் முன் நிற்பவருக்கு இரு மண்டபங்களும் ஒருசேரக் கண்ணில் படும். ஒரு காலத்தில் அந்தக் காட்சி பூசை வைத்த சாமியாருக்கு மட்டுமே வாய்த்தது.