பெயருக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகள்

வைத்தியரின் பெயர்ப்பலகையை நாம் அரைகுறையாகவே வாசிக்கிறோம். பெயரைப் பார்ப்போம், அதன் பின்னே வரிசையாக நிற்கும் எழுத்துகளைக் கண்டதும் மனத்திலே ஒரு நிம்மதி பிறக்கும், உள்ளே சென்று வாங்கிலில் அமர்ந்துவிடுவோம். அவ்வெழுத்துகளை வழங்கியவர் யார், அவை இருந்தால் மட்டும் ஒருவர் நம் உடலிலே கைவைக்கலாமா என்று கேட்பதில்லை. கேட்கவேண்டும் என்பதே என் கட்சி.

யாவரும் அறிந்த எம்.பி.பி.எஸ். என்பதையே எடுத்துக்கொள்வோம். ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோமாயினும், அது மருத்துவத்துக்கு ஒன்றும் சத்திரசிகிச்சைக்கு ஒன்றுமாக இரண்டு பட்டங்களின் பெயர். இங்கிலாந்தின் பழைய வரலாறே இதற்குக் காரணம். அங்கே மருந்து கொடுப்போர் 1518இலேயே தமக்கெனக் கல்லூரி கண்ட கல்விமான்கள். கத்தி பிடிப்போரோ 1540 முதல் நாவிதரோடு ஒரே சங்கத்தில் இருந்தவர்கள். 1745இலேதான் தனித்துப் பிரிந்தார்கள். மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறு ஆகிய மூன்றிலும் தேறியவரையே பதிவு செய்யலாம் என்று 1886ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பிரிவினை ஒழிந்தது, அதன் தழும்பு மட்டும் அந்த நான்கு எழுத்துகளில் எஞ்சி நிற்கிறது.

ஆனால், பட்டம் வேறு. தொழில் புரியும் உரிமை வேறு. பட்டத்தைப் பல்கலைக்கழகம் தருகிறது. உரிமையைப் பதிவேடு தருகிறது. 1858இல் பிரித்தானியா வகுத்த மருத்துவச் சட்டம், மருத்துவ உதவி நாடுவோர் தகுதியுடையவரைத் தகுதியற்றவரினின்று வேறுபிரித்து அறியவேண்டும் என்பதையே தன் நோக்கமாக முகவுரையில் கூறிற்று. பதிவேடு வைத்தியரின் பெருமைக்காக எழுந்ததன்று. நோயாளியின் பொருட்டு எழுந்தது.

நம் நாட்டிலே கொழும்பு மருத்துவப் பள்ளி 1870இல் தோன்றியது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமாயிற்று. யாழ்ப்பாணத்து மருத்துவ பீடம் 1978இல் ஆரம்பமாயிற்று. இன்று ஐந்தாண்டு கற்றுப் பட்டம் பெற்றவரும் உடனே தனித்துத் தொழில் நடத்திவிட முடியாது. தற்காலிகப் பதிவு பெற்று, ஆசுப்பத்திரியிலே மூத்தோரின் கண்காணிப்பில் ஓராண்டு உள்ளகப் பயிற்சி முடிக்கவேண்டும்; அதன் பின்னரே இலங்கை மருத்துவச் சபை முழுப்பதிவு வழங்கும். பிறநாட்டிலே பட்டம் பெற்று வருவோர் இங்கே தனிப் பரீட்சையொன்றிலும் தேறவேண்டும். சித்த, ஆயுர்வேத வைத்தியர்க்கு 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ் வேறொரு பதிவு உண்டு.

“பதிவேடு இல்லாத காலத்திலும் நல்ல வைத்தியர் இருந்தனரே!” என்று சிலர் கேட்பர். இருந்தனர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே நம்மவர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கென மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அவருடைய மாணவர்க்கு அரசாங்கப் பதிவு எதுவுமில்லை. கிறீனிடம் படித்தவர் என்ற சொல்லே அவர்களுக்குச் சாட்சி. ஊர்ப் பரிகாரியாருக்கோ அதுவும் தேவைப்படவில்லை. அவர் தந்தையையும் பாட்டனையும் ஊர் அறியும். அவர் கையால் பிழைத்தவர் யார், பிழையாதவர் யார் என்பதும் அறியும்.

இன்று அந்த ஊர் அறிவு நமக்கில்லை. முன்பின் அறியாத ஒருவரிடம், முன்பின் அறியாத பட்டினத்திலே, நோயுற்ற குழந்தையை நீட்டுகிறோம். நோயோ நின்று ஆராய அவகாசம் தருவதில்லை. நமக்காக முன்கூட்டியே ஆராய்ந்து வைத்த ஊர்தான் பதிவேடு.

அதனாலேயே போலி வைத்தியரின் குற்றத்தை நான் பெரிதென்கிறேன். அவர் விற்பது மருந்தை மட்டுமன்று, நாம் பிறர்மேல் வைத்த நம்பிக்கையையும் விற்கிறார். அவர் பிழைப்பதும் நம் கூச்சத்தினாலேயே. “உங்கள் பதிவு இலக்கம் என்ன, ஐயா?” என்று கேட்பது மரியாதைக் குறைவு என எண்ணுகிறோம். உண்மை வைத்தியர் அக்கேள்வியால் சிறுமையுறுவதில்லை. அவ்விலக்கத்தைப் பெற அவர் பட்ட பாடு அவருக்குத் தெரியும்.

பதிவேடு எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் மெய்யே. ஒருவர் கற்றார் என்று சொல்லும். கருணையுடையவர் என்று சொல்லாது. அதை நாமே பழகி அறிதல் வேண்டும். ஆனால், முதற்கேள்விக்கு விடை கிடைத்த பின்னரே இரண்டாவதற்கு இடமுண்டு. அடுத்த முறை பெயர்ப்பலகையின்கீழ் நிற்கும்போது, உள்ளே செல்லுமுன் அதை முழுவதும் வாசியுங்கள்.