பள்ளி விட்டதும் பிள்ளை எங்கே?



"இனிப்பு நீர் வயசானவங்களுக்கு வர்றதுதானே டிரெசர்?" என்று பலர் கேட்கிறீர்கள். அந்தக் காலம் போய்விட்டது. பெரியவர்களுக்கு வரும் அதே வகை இனிப்பு நீர் இப்போது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் வருகிறது. அமெரிக்க டாக்டர்கள் 1990-ஆம் ஆண்டுகளிலேயே இதைக் கண்டார்கள். அங்கே இதற்கு அதிகம் ஆளாகிறவர்களில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளும் உண்டு.

டெக்சாஸ் மாநிலத்தில் சான் அந்தோனியோ என்ற நகரம். அங்கே டாக்டர் ரொபெர்ட்டோ டிரெவின்யோ என்பவர் 'பியனெஸ்தார்' என்ற திட்டத்தை ஏற்படுத்தினார். ஸ்பானிய மொழியில் அதற்கு 'நலவாழ்வு' என்று பொருள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பில் சுகாதாரப் பாடம், பள்ளிச் சாப்பாட்டில் மாற்றம், பெற்றோருக்கும் பாடம், பள்ளி விட்ட பிறகு சுகாதார மன்றம். இந்த நான்கும் சேர்ந்ததுதான் திட்டம். பள்ளியில் ஒன்றும் வீட்டில் வேறொன்றும் சொன்னால் பிள்ளை எதைக் கேட்கும்?

27 பள்ளிகளில் சுமார் 1,400 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 13 பள்ளிகளில் திட்டம் நடந்தது. 14 பள்ளிகளில் இல்லை. முடிவு 2004-இல் வெளிவந்தது. திட்டம் நடந்த பள்ளிகளில், வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருந்தது. உடல் தெம்பு கூடியிருந்தது. நார்ச்சத்துள்ள உணவை அதிகம் சாப்பிட்டார்கள். ஆனால் உடம்புக் கொழுப்பில் பெரிய வித்தியாசம் இல்லை!

உடம்பு இளைக்காமல் சர்க்கரை குறையுமா? குறையும். ரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைக்குள் விடும் சாவி இன்சுலின். கொழுப்பு கூடினால் அந்தச் சாவி சரியாகத் திறக்காது. ஓடி ஆடும்போதோ, தசை தானாகவே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆகவே, "எம்புள்ள ஓடியும் இளைக்கலியே" என்று விளையாட்டை நிறுத்தாதீர்கள்.

இன்னொரு செய்தி. டெக்சாஸில் பல வட்டாரங்களில், பள்ளிகளிலேயே பிள்ளைகளின் கழுத்தைச் சோதிக்கிறார்கள். பின்கழுத்திலோ அக்குளிலோ தோல் கறுத்துத் தடித்து வெல்வெட்டு போலிருந்தால், இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அது அழுக்கல்ல. நாரைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பிள்ளையைத் திட்டாமல் கிளினிக்குக்கு அழைத்துப் போய் ரத்தம் பாருங்கள்.

இது நமக்கெதற்கு என்கிறீர்களா? நம் நாட்டில் 2019-இல் எடுத்த சுகாதார ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்குப் 18 பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் 31 பேர்! தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம்.

செய்ய வேண்டியவை சுளுவானவை:

1. பள்ளி விட்டு வந்ததும் கைப்பேசியைக் கொடுக்காதீர்கள். தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க விளையாடட்டும். பந்து, கபடி, கயிறு தாண்டல் எதுவானாலும் சரி.

2. பெண் பிள்ளையை மட்டும் பாத்திரம் கழுவ நிறுத்தாதீர்கள். அவளும் ஓட வேண்டும்.

3. தாகத்துக்குப் பச்சைத் தண்ணீர். கெட்டிப்பால் கலந்த தேநீரும் போத்தல் பானமும் தினசரி வேண்டாம்.

4. தாய்மார்கள் முறை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு நாள் திடலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு டாக்டர் சீட்டு வேண்டாம். ஒரு பந்தும் ஒரு மணி நேரமும் போதும். இன்று சாயந்திரமே தொடங்குங்கள்.