காக்கை வலிப்பும் மூளைச் சத்திரசிகிச்சையும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாட் காலை, நாம் பத்தாம் வகுப்பிற் கேத்திரகணிதம் கற்பித்துக்கொண்டிருந்த வேளை, பின்வாங்கில் இருந்த மாணவனொருவன் திடீரெனக் கத்தியவாறு நிலத்தில் வீழ்ந்தான். கைகால்கள் வெட்டியிழுத்தன; வாயினின்று நுரை தள்ளியது. “இரும்பு குடுங்கோ, இரும்பு குடுங்கோ” என்று பிள்ளைகள் கூவினர். விஞ்ஞானப் பட்டம் பெற்ற நாம் யாது செய்தோம் எனின், மேசைமேற் கிடந்த அலுமாரித் திறப்பை எடுத்து அவன் கைக்குள் வைத்து அழுத்தினோம்! இரண்டு நிமிடத்தில் வலிப்பு நின்றது. திறப்பே அதனை நிறுத்தியதென வகுப்பு முழுவதும் நம்பிற்று. பெரும்பாலான வலிப்புக்கள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்குவன. திறப்பு வைத்தாலும் அடங்கும், வையாவிடினும் அடங்கும்.

சில நாட்களின் பின் மாணவனின் தந்தையார் எம்மைத் தேடி வந்தார். மூளையின் மின்னலைகளைப் பதிந்து பார்க்க வேண்டுமென வைத்தியர் கூறியிருந்தாராம். வெகுநேரம் தயங்கி நின்றவர், “மாஸ்டர், பிள்ளையின்ரை தலையைத் திறக்க வேணும் எண்டு சொல்லுவினமோ?” என்று வினவினார். அக்கேள்விக்கு அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. அதன் பொருட்டுத் தேடிப் படித்தவற்றுட் சிலவற்றையே ஈண்டுத் தருகின்றோம்.

வலிப்பு தெய்வக் குற்றமன்று, மூளையில் எழும் நோயே என்று கிரேக்க வைத்தியர்கள் இற்றைக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக முன்னரே எழுதி வைத்தனர். எனினும் மூளைக்குள் நிகழ்வது யாதென அறியப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மூளையின் கலங்கள் நுண்ணிய மின்துடிப்புக்களாலேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஓரிடத்துக் கலங்கள் பல ஒழுங்கின்றி ஒருங்கே துடிக்கத் தொடங்கினால் அதுவே வலிப்பு. சிலரிடத்து வலிப்பு பெருவிரலிற் றொடங்கிக் கைவழியே ஏறி முகத்தை அடைவதை இலண்டன் வைத்தியர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் அவதானித்தார். மூளையில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வோர் இடமுண்டு, அவ்விடங்கள் வரிசையாக அமைந்துள்ளன என்று அவர் ஊகித்தார். 1870இல் ஜேர்மனியில் பிரிட்ச், ஹிற்சிக் என்னும் இருவர் நாயொன்றின் மூளையை மின்னோட்டத்தாற் றொட்டு அதன் கால்களை அசையச் செய்து, அவ்வூகம் மெய்யென்பதைக் காட்டினர்.

இவ்வறிவைக் கொண்டு நோயாளரின் துயர் தீர்க்க முனைந்தோருள் முதல்வரிசையில் வைத்தெண்ணத் தக்கவர் கனடாவின் மொன்றியல் நகரில் பணியாற்றிய டொக்டர் வைல்டர் பென்பீல்ட். அமெரிக்காவிற் பிறந்த அவர் 1934இல் றொக்பெல்லர் நிதியத்தின் பேருதவியுடன் அந்நகரில் நரம்பியல் நிறுவனமொன்றை அமைத்தார். அவர் கையாண்ட முறையைக் கேட்போர் முதலில் நடுங்குவர். நோயாளியை மயக்காது, தலைத்தோலை மாத்திரம் மருந்தினால் மரக்கச் செய்து, மண்டையோட்டின் ஒரு பகுதியைத் திறப்பார். உடலின் நோவையெல்லாம் உணரும் மூளை தன்னைத் தொட்டால் நோவதில்லை! ஆதலின் நோயாளி விழித்தபடியே வைத்தியருடன் உரையாடிக்கொண்டிருப்பார். மெல்லிய மின்வாயினாற் பென்பீல்ட் ஓரிடத்தைத் தொட, விரல் தானே மடங்கும். வேறோரிடத்தைத் தொட, நாவில் ஊசி குத்துவது போலிருக்கும். விளைவு தோன்றிய இடந்தோறும் இலக்கமிட்ட சிறு கடதாசித் துண்டொன்றை வைத்து, மூளையின்மேல் ஒரு தேசப்படமே வரைந்துவிடுவார். வலிப்பின் பிறப்பிடத்தைத் தேடி அகற்ற வேண்டும். ஆயின் பேச்சுக்கும் அசைவுக்கும் உரிய இடங்கள் தப்ப வேண்டும். தேசப்படம் வேண்டப்பட்டது இதன்பொருட்டே.

ஒருவருக்கு வண்ணத்துப்பூச்சியின் படத்தைக் காட்டி, பேச்சுக்குரிய இடத்தை மின்வாயினாற் றொட்டார். அவர் வாய் திறக்கவில்லை, விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். மின்வாயை எடுத்ததும், அது யாதென்பது தெரிந்திருந்தும் சொல் மட்டும் வரவில்லை என்று விளக்கினார். வேறொரு பெண்மணி பொட்டின் பக்கத்து மூளையைத் தொட்டபோது இசைக்குழுவொன்றின் பாடலைக் கேட்டார். மீண்டும் தொட, அதே பாடல். அறையில் யாரோ கிராமபோன் வைத்திருக்கின்றனர் என்றே அவர் நினைத்தார்! கை அசையும்படி தொட்டபோது நோயாளர் பலர், அதனை அசைத்தது தாமல்லர், வைத்தியரே என்று கூறினராம். “நான்” என்பது யாதென ஆராயும் எமது சைவசித்தாந்த வகுப்பு மாணவர் இதனைச் சற்றே சிந்திக்கலாம்.

பென்பீல்டின் வாழ்விலே மறக்கவொண்ணாத நிகழ்ச்சி அந்நிறுவனம் தோன்றுமுன்னரே நிகழ்ந்தது. அவருடைய தமக்கையார் ரூத் நெடுங்காலம் வலிப்பினால் வருந்தியவர். மூளையில் வளர்ந்த கட்டியே காரணமென்பது 1928இல் தெரியவந்தது. உடன்பிறந்தாளின் தலையில் வாள் வைக்க யாருக்குத் துணிவு வரும்? அவர் துணிந்தார். வலது முன்மூளையின் பெரும் பகுதியை அகற்றினார்; கட்டியை முற்றாக எடுக்க இயலவில்லை. தமக்கையார் தேறி வீடு திரும்பினார். பேச்சும் நினைவும் முன்போலவே இருந்தன. சுமார் பதினைந்து மாதங்களின் பின் தம்பியார் விருந்துக்குச் சென்றார். தமக்கையும் அவர் குடும்பத்தினரும் தம்பியுமாகச் சிலருக்குரிய எளிய உணவே அது. நாள் முழுவதும் அவகாசம் இருந்தது. ஆயின் வேளை வந்தபோது அடுப்பில் ஒன்றிரண்டு கொதிக்க, இறைச்சி தொடப்படாமற் கிடக்க, செய்வதறியாது அடுக்களையிற் கலங்கி நின்றார் அவர். பொருள்கள் யாவும் இருந்தன. எதை முன் செய்வது, எதைப் பின் செய்வது என்னும் ஒழுங்கே அவரை விட்டுப் போயிற்று. முன்மூளையின் தொழில் யாதென்பதற்குச் சான்றாகத் தம்பியார் இதனைப் பின்னர் வைத்திய ஏட்டில் எழுதினார். எழுதும்போது அவர் மனம் எவ்வாறிருந்திருக்கும்! தமக்கையார் 1931இற் காலமானார்.

இதனினும் பெரிய விலையைக் கொடுத்தவர் அமெரிக்கரான ஹென்றி மொலேசன். 1953இல் இருபத்தேழு வயதில், வலிப்பை நிறுத்தும் பொருட்டு அவருக்கு மூளையின் இருபுறத்து உட்பகுதிகளையும் சத்திரவைத்தியர் ஸ்கோவில் அகற்றினார். வலிப்புக் குறைந்தது, ஆயின் புதிய நினைவுகள் நிலைக்கும் ஆற்றல் அழிந்தது. சற்றுமுன் பேசியவரையும் அவர் அறியார். மொன்றியலிலிருந்து சென்ற பிறெண்டா மில்னர் என்னும் உளவியலறிஞர் அவருக்குக் கண்ணாடியிற் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சி கொடுத்தார். நாளுக்கு நாள் கை திருந்தியது; முன் ஒருபோதும் வரைந்ததாக அவருக்கு நினைவில்லை! கையின் பழக்கமும் மனத்தின் நினைவும் வெவ்வேறிடத்தவை என்பதை உலகம் அறிந்தது. 2008இல் இறக்கும்வரை அவர் ஆராய்ச்சிக்கு உடன்பட்டு வாழ்ந்தார். இருபுறமும் அவ்வாறு அகற்றலாகாது என்பது அன்று முதல் வைத்தியர்க்குப் பாடமாயிற்று.

இக்காலத்தில் நிலை பெரிதும் வேறு. வலிப்புடையோரிற் பெரும்பாலார்க்கு மருந்தே போதும். சுமார் மூன்றிலொரு பங்கினர்க்கே மருந்து முற்றும் பயன்படுவதில்லை. அவருள்ளும் நோயின் பிறப்பிடம் ஓரிடத்தே அமைந்து, அதனைத் தீங்கின்றி அகற்றலாம் எனத் தெளிவானவர்க்கே சத்திரசிகிச்சை செய்யப்படுகிறது. கனடாவில் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வொன்றில் எண்பது நோயாளர் இரு கூறாக்கப்பட்டனர். ஓராண்டின் பின், சத்திரசிகிச்சைக்குத் தெரிவானவருள் நூற்றுக்கு 58 பேர் நினைவு தவறச் செய்யும் வலிப்பினின்று விடுபட்டிருந்தனர். மருந்து மட்டும் உண்டவருள் 8 பேரே.

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயின் கதையும் இதனோடு பிணைந்தது. நடுக்கத்தைத் தோற்றுவிக்கும் ஆழ்மூளைப் பகுதியைச் சுட்டழிப்பதே முன்னாளிற் செய்யப்பட்டது. அழிக்குமுன் இடம் சரியோவென மின்னோட்டத்தாற் சோதிப்பர். 1987இற் பிரான்சின் கிறெனோபிள் நகரில் டொக்டர் பெனாபிட் அவ்வாறு சோதித்தபோது, துடிப்பின் வேகத்தைச் செக்கனுக்கு நூறளவிற்கு உயர்த்தவே நடுக்கம் நின்றது. மின்னோட்டத்தை நிறுத்த, மீண்டும் வந்தது. அங்ஙனமாயின் அழிப்பானேன்? மெல்லிய கம்பியை மூளைக்குள் நிலையாக வைத்து, மார்புத் தோலின்கீழ்ச் சிறு மின்கலப் பெட்டியைப் புதைத்துத் தொடுக்கும் முறை இவ்வாறு பிறந்தது. வலிப்புக்கும் இம்முறை இப்போது பயன்படுகிறது. இது நோயை வேரறுப்பதன்று. நடுக்கத்தைத் தணிக்கும், நோய் தன்வழியே செல்லும். கிண்ணத்தைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுசெல்ல இயலாதிருந்தவர்க்கு அதுவே பெரும் பேறன்றோ.

வீட்டில் யாருக்கேனும் வலிப்பு வந்தால் இரும்பு தேட வேண்டாம். வாய்க்குள் கரண்டியோ துணியோ திணித்தலும், கைகாலை இறுக்கிப் பிடித்தலும் தீங்கு. தலைக்குக் கீழ் மெத்தென்று எதையாவது வைத்து, ஒருபுறமாகச் சரித்துக் கிடத்தி, மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடங் கடந்தும் நில்லாவிடின் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

எம் மாணவனுக்குத் தலை திறக்க வேண்டிய தேவை நேரவில்லை, குளிசைகளாலேயே அடங்கிற்று. அடுத்த தவணையில் தந்தையார் மீண்டும் வந்தார். ஒரு நாளேனும் குளிசை தவறவிடலாகாது என வைத்தியர் எச்சரித்ததைக் கூறிவிட்டு, பையன் கிணற்றடியிற் தனியே குளிக்கலாமோ என்று கேட்டார். தமையனாரும் உடன் செல்லட்டும் என்றோம்.