கட்டத்துக்குள் 11 தாவல்: டிராம்பே சாலை கணக்குப் புதிர்கள் தெரியுமா?

இந்தியா முழுவதிலுமிருந்து கணக்கில் சூரப்புலிகளான ஆறு பள்ளி மாணவர்களைப் பொறுக்கி எடுத்து உலகப் போட்டிக்கு அனுப்பும் வேலை எங்கே நடக்கிறது தெரியுமா? டெல்லியில் இல்லை, கான்பூரில் இல்லை. நம்ம மும்பையின் டிராம்பே பக்கம்தான்! செம்பூரிலிருந்து சயான்–டிராம்பே சாலையில் அணுசக்தி நகரை நோக்கிப் போனால், மான்குர்த்தில் இருக்கிறது ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளையாக 1974-இல் தொடங்கியது. ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழும் சீட்டா கேம்ப்புக்கும் அதற்கும் இடையில் சில கிலோமீட்டர்தான். இருந்தும் அந்தக் கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் பக்கத்துத் தெருக்காரருக்கே தெரியாது.

இந்தக் கணக்குப் போட்டிக்குக் கைகொடுப்பது எந்தத் துறை தெரியுமா? அணுசக்தித் துறை! அதன் கீழ் 1983-இல் அமைந்த தேசிய உயர்கணித வாரியம்தான் பள்ளிப் பிள்ளைகளின் கணித ஒலிம்பியாடைத் தாங்கிப் பிடிக்கிறது. 1956-இல் அப்ஸரா அணு உலை ஓடத் தொடங்கிய அதே டிராம்பேயில், இன்று பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைகள் காகிதத்தில் புள்ளி வைத்துக் கோடு போட்டு மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

புள்ளி, கோடு, கட்டம், நிறம். இவ்வளவுதான் சரக்கு. இந்த வகைக் கணக்குக்கு காம்பினேட்டோரியல் ஜியாமெட்ரி என்று பெயர் வைத்து மிரட்டுவார்கள், மிரளவேண்டாம். சைன், காஸ் எதுவும் வராது. சூத்திரம் ஒன்றுகூட மனப்பாடமாகத் தெரியவேண்டியதில்லை. கேள்வி ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். விடைதான் பேராசிரியருக்கும் தண்ணி காட்டும்!

சரி, உலகக் கணித ஒலிம்பியாட் மும்பைக்கே வந்தது தெரியுமா? 1989-இல்தான் இந்தியா முதன்முதலாக அந்தப் போட்டிக்குப் போனது. ஏழே வருஷத்தில், 1996 ஜூலையில், போட்டியையே மும்பை நடத்தியது. 75 நாடுகள், 424 மாணவர்கள்! அந்த வினாத்தாளின் முதல் கேள்வி ஒரு கட்டம் போட்ட பலகை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தே ஆகவேண்டும், அவ்வளவு அழகு.

20 கட்டம் அகலம், 12 கட்டம் உயரம். இடது கீழ் மூலையில் ஒரு காய். அதை வலது கீழ் மூலைக்குக் கொண்டுபோகவேண்டும். நினைத்த மாதிரி நகர்த்த முடியாது. ஓர் எண் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு தாவலிலும், புறப்பட்ட கட்டத்தின் மையத்துக்கும் போய்ச் சேர்ந்த கட்டத்தின் மையத்துக்கும் உள்ள தூரத்தின் வர்க்கம் அந்த எண்ணாகவே இருக்கவேண்டும். எண் 73 என்றால்? 73 = 64 + 9. வேறு வழியில் இரண்டு வர்க்கங்களாக 73 பிரியாது. ஆக ஒரு பக்கம் 8, மறு பக்கம் 3. சதுரங்கக் குதிரையேதான், கால் மட்டும் ரொம்ப நீளம்!

போய்ச் சேர முடியுமா? முடியும். நெடுவரிசைகளுக்கு 0 முதல் 19 வரையும், கிடைவரிசைகளுக்கு 0 முதல் 11 வரையும் எண் கொடுத்துக்கொண்டு இந்த வழியில் காயை ஓட்டிப் பாருங்கள்: (0,0), (8,3), (0,6), (8,9), (5,1), (13,4), (5,7), (13,10), (16,2), (8,5), (16,8), (19,0). மொத்தம் 11 தாவல். எட்டு முறை மூன்று மூன்றாக ஏறுகிறது, மூன்று முறை எட்டு எட்டாக இறங்குகிறது: 24 ஏற்றம், 24 இறக்கம். 11-க்குக் கீழே எந்த வழியும் கிடையாது. ஏன் என்று ஒற்றைப்படை இரட்டைப்படை பார்த்தே நிரூபிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு அது போதும்.

இப்போது எண்ணை 97 ஆக்குங்கள். 97 = 81 + 16. ஒரு பக்கம் 9, மறு பக்கம் 4. கால் இன்னும் நீளமாயிற்று, அவ்வளவுதானே? இல்லை! இந்த முறை எத்தனை கோடித் தாவல் தாவினாலும் காய் அந்த மூலைக்குப் போகாது. அதை எப்படிக் காட்டுவார்கள் தெரியுமா? நிறம் பூசி!

12 கிடைவரிசைகளை நாலு நாலாக மூன்று பட்டைகளாகப் பிரியுங்கள். நடுப் பட்டைக்குச் சிவப்பு. மேல் பட்டைக்கும் கீழ்ப் பட்டைக்கும் வெள்ளை. மேலோ கீழோ 4 நகரும் தாவல் ஒவ்வொன்றும் நிறத்தை மாற்றியே தீரும். வெள்ளையிலிருந்து சிவப்பு, சிவப்பிலிருந்து வெள்ளை. மேலோ கீழோ 9 நகரும் தாவலோ சிவப்பிலிருந்து கிளம்பவே முடியாது, பலகைக்கு வெளியே போய் விழும். வெள்ளையிலிருந்து கிளம்பினால் வெள்ளையிலேதான் இறங்கும். காய் புறப்படுவதும் வெள்ளை, சேரவேண்டியதும் வெள்ளை. அப்படியானால் நிறம் மாற்றும் தாவல்கள் இரட்டைப்படை எண்ணிக்கையில் வந்தாகவேண்டும். அந்தத் தாவல்களில்தான் பக்கவாட்டில் 9 நகர்கிறோம்; மற்றவற்றில் 4. இரட்டைப்படைத் தடவை 9, அதோடு எத்தனை 4 சேர்த்தாலும் கழித்தாலும் மொத்தம் இரட்டைப்படைதான். நாம் போகவேண்டியதோ 19 கட்டம். கதை முடிந்தது!

முடியும் என்று காட்ட ஒரு வழி போதும். முடியவே முடியாது என்று காட்ட எண்ணிலடங்கா வழிகளையும் ஒரே வீச்சில் அடைக்கவேண்டும். அதை இரண்டே நிறங்கள் செய்துவிடுகின்றன. மும்பை உலகத்துக்குக் கொடுத்த கேள்விகளில் இதற்கு ஈடு வேறு இல்லை என்பது என் கட்சி.

தேர்வறையில் கால்குலேட்டர் கிடையாது தெரியுமா? ஸ்கேல், காம்பஸ், பேனா. ஒரு நாளைக்கு மூன்று கேள்வி, நாலரை மணி நேரம். இரண்டு நாள் சேர்த்து ஆறு கேள்வி, 42 மதிப்பெண். நாலரை மணி நேரமும் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

2017-இல் பிரேசிலில் நடந்த ஒலிம்பியாடில் என்ன கேட்டார்கள் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத ஒரு முயல், துரத்தும் ஒரு வேட்டைக்காரி, முயல் இருக்குமிடத்தை ஓர் அலகு வரை தப்பாகக் காட்டக்கூடிய ஒரு கருவி. நூறு கோடிச் சுற்று துரத்திய பிறகு இடைவெளி 100 அலகுக்குள் இருக்கும் என்று அவள் உறுதி சொல்ல முடியுமா? முடியாது என்பதுதான் விடை. நாடு நாடாகச் சலித்து வந்த 615 பேர் உட்கார்ந்தார்கள். இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் எடுத்தவர்கள் இரண்டே பேர்!

அதற்கு முன் 2011-இல் ஆம்ஸ்டர்டாம். காற்றாலை நாட்டில் காற்றாலைக் கேள்வியே வந்தது. தாளில் சில புள்ளிகள். எந்த மூன்றும் ஒரே கோட்டில் இல்லை. ஒரு புள்ளியை அச்சாக வைத்து ஒரு கோடு சுழல்கிறது. இன்னொரு புள்ளியில் முட்டியதும் அச்சு அந்தப் புள்ளிக்கு மாறுகிறது. மறுபடி சுழற்சி, மறுபடி முட்டல். எல்லாப் புள்ளிகளும் மீண்டும் மீண்டும் அச்சாகும்படி இதைத் தொடங்கி வைக்க முடியும் என்று நிரூபிக்கவேண்டும். பெரிய பெரிய கெட்டிக்காரர்களே இதில் சறுக்கினார்கள். விடையோ நாலு வரி. புள்ளிகளைச் சரிபாதியாகப் பிரிக்கிற கோட்டோடு தொடங்குங்கள். அச்சு மாறினாலும் இந்தப் பக்கம் இத்தனை, அந்தப் பக்கம் இத்தனை என்ற கணக்கு மாறாது. கோடு அரைச்சுற்று சுற்றியதும் அதே சரிபாதி இடத்துக்கு வந்துவிடும், ஆனால் இடம் வலம் மாறியிருக்கும். இடப்பக்கம் இருந்த புள்ளி கோட்டைத் தொடாமல் வலப்பக்கம் எப்படிப் போகும்? போகாது. ஆக ஒவ்வொரு புள்ளியும் ஒரு தடவையாவது மாட்டியே தீரும். சுற்றச் சுற்ற, மறுபடி மறுபடி!

புள்ளி வைத்துக் காதல் வளர்ந்த கதை தெரியுமா? 1933 வாக்கில் புடாபெஸ்ட் நகரம். எஸ்தர் க்ளைன் என்ற இளம்பெண் நண்பர்கள் வட்டத்தில் ஒரு புதிர் போட்டாள்: தாளில் எப்படி வேண்டுமானாலும் ஐந்து புள்ளி வையுங்கள், மூன்று மட்டும் ஒரே கோட்டில் வரக்கூடாது, அவற்றில் நான்கு புள்ளிகள் எப்போதும் உள்வளைவில்லாத ஒரு நாற்கரத்தைக் கொடுக்கும். ஜார்ஜ் ஸெகெரெஷும் பால் எர்டிஷும் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்கள். ஜார்ஜ் புதிரோடு புதிர் போட்டவளையும் பிடித்துக்கொண்டார், 1937-இல் கல்யாணம். எர்டிஷ் அந்தப் புதிருக்கே மங்களப் புதிர் என்கிற பொருளில் பெயர் வைத்துவிட்டார். நாஜிகளுக்குத் தப்பி ஷாங்காய் போய், அங்கிருந்து ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த அந்தத் தம்பதி 2005 ஆகஸ்ட் 28 அன்று, ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். புதிர் இன்னும் சாகவில்லை! ஐங்கரத்துக்கு 9 புள்ளி, அறுகரத்துக்கு 17 புள்ளி என்று தெரியும். எழுகரத்துக்கு 33 என்று ஊகம்தான், நிரூபணம் இன்றுவரை கிடையாது.

அதே எர்டிஷ், தமக்குக் கடிதம் எழுதிய ஒரு கல்லூரி மாணவரைப் பார்ப்பதற்காகவே 1975-இல் பயண வழியை மாற்றிக்கொண்டு மெட்ராஸ் வந்தவர். அந்த மாணவர்தான் பிற்காலத்தில் கணிதப் பேராசிரியராகப் பெயர் வாங்கிய அல்லாடி கிருஷ்ணசாமி.

வாசல் கோலத்திலேயே இந்தக் கணக்கு ஒளிந்திருப்பது தெரியுமா? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மார்கழியில் அக்காமார் போடும் சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக் கோடு சாய்வாகவே ஓடி, ஓரத்தில் திரும்பி, மறுபடி சாய்வாக ஓடுகிறது. கையெடுக்காமல் ஒரே இழையில் முடியுமா? வரிசை எண்ணிக்கைகளின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, இழைகள் அத்தனை! 5-க்கு 7 வைத்தால் பொதுக் காரணி 1. ஒரே இழையில் கோலம் முடிந்துவிடும். 5-க்கு 5 வைத்தால் ஐந்து தனித்தனி இழை. 4-க்கு 6 வைத்தால் இரண்டு. கோலமாவு எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும், அவருடைய மனைவி ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனும் 1974-இலேயே கோலத்தை வைத்துக் கணினி இலக்கணம் எழுதிவிட்டார்கள்.

ஒரு சதுரத்தைச் சம பரப்புள்ள முக்கோணங்களாக வெட்டினால், ஒற்றைப்படை எண்ணிக்கை வரவே வராது தெரியுமா? 3-ம் இல்லை, 5-ம் இல்லை, 1,001-ம் இல்லை. 1970-இல் பால் மான்ஸ்கி நிரூபித்தார்.

தளம் முழுக்க வர்ணம் பூசவேண்டும். சரியாக ஓர் அலகு தூரத்தில் உள்ள இரண்டு புள்ளிகளுக்கு ஒரே நிறம் வரக்கூடாது. எத்தனை நிறம் வேண்டும்? 1950-இல் எட்வர்ட் நெல்சன் என்ற மாணவர் கேட்ட கேள்வி. நாலாவது வேண்டும், ஏழு போதும் என்ற இடத்திலேயே அறுபது வருஷத்துக்கு மேல் நின்றது. 2018-இல் நாலு போதாது, ஐந்தாவது வேண்டும் என்று காட்டியவர் யார் தெரியுமா? முதுமையை ஆராய்கிற ஆப்ரி டி கிரே! 1,581 புள்ளிகள் கொண்ட ஒரு வலையைக் கட்டிச் சாதித்தார். ஐந்தா, ஆறா, ஏழா என்பது இன்றும் திறந்த கேள்வி.

கடைசியாக, 2025 ஆஸ்திரேலியா. கூகுள் டீப்மைண்டின் செயற்கை நுண்ணறிவும் ஓப்பன்ஏஐ-யின் செயற்கை நுண்ணறிவும் அந்த வருஷக் கேள்விகளில் ஐந்தைப் போட்டு, 42-க்கு 35 எடுத்துத் தங்கப் பதக்க வரம்பைத் தொட்டன. இரண்டும் கோட்டைவிட்ட ஆறாவது கேள்வி எது தெரியுமா? கட்டம் போட்ட கேள்விதான்! 2025-க்கு 2025 கட்டம். செவ்வக ஓடுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பதிக்கவேண்டும். ஒவ்வொரு கிடைவரிசையிலும் ஒவ்வொரு நெடுவரிசையிலும் சரியாக ஒரே ஒரு கட்டம் காலியாக இருக்கவேண்டும். குறைந்தபட்சம் எத்தனை ஓடு? காலிக் கட்டங்களை மூலைவிட்டத்தில் வைத்தால் 4,048 ஓடு. எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். உண்மை விடையோ 2,112! 2025 என்பது 45-இன் வர்க்கம் என்பதில்தான் சூட்சுமம்: 2025 + 45 + 45 − 3. 4-க்கு 4 கட்டத்தில் இதே தந்திரத்தால் 6 ஓடு 5 ஆகக் குறையும். நடுவில் ஒரு 2-க்கு 2 ஓடு, அதைச் சுற்றி ராட்டினம்போல நாலு சின்ன ஓடுகள். இயந்திரங்கள் விழுந்த இதே கேள்வியில் சில பள்ளிப் பிள்ளைகள் முழு மதிப்பெண் எடுத்துவிட்டு வந்தார்கள்.

அந்த வருஷம் இந்திய அணி மூன்று தங்கம் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய வருஷம், இங்கிலாந்தின் பாத் நகரில், நாலு தங்கத்தோடு உலகத்தில் நாலாவது இடம்.

இதில் நுழைய என்ன வேண்டும்? எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற யாரும் முதல் கட்டத் தேர்வான ஐ.ஓ.க்யூ.எம். எழுதலாம். 30 கேள்வி, மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். ஒவ்வொரு விடையும் 0 முதல் 99 வரையிலான ஒரு முழு எண். அண்மை வருஷங்களில் செப்டம்பர் மாத ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிறது. அதில் தேறினால் மண்டலத் தேர்வு, பிறகு தேசியத் தேர்வு, அதன் பிறகு பயிற்சி முகாம். லட்ச ரூபாய் கோச்சிங் இல்லாமல் முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய வினாத்தாள்களும் விடைகளும் ஹோமி பாபா மையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னையில் 1965 முதல் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் சின்னப் பிள்ளைகளுக்கென்றே தனிப் போட்டி நடத்துகிறது. வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், இந்த வாரமே ஒரு வினாத்தாளை இறக்கிக் கையில் கொடுங்கள். கூடவே ஒரு கட்டம் போட்ட நோட்டும்.