கயிற்றை வேகமாக உதறினால் அலை வேகமாக ஓடுமா?

கயிற்றின் ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டி, மறு நுனியைச் சட்டென்று உதறினால் ஒரு மேடு ஓடிப்போய், கம்பியில் மோதித் தலைகீழாகத் திரும்பி வரும். நடுவில் சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் விஷயம் புரிந்துவிடும். நாடா எழுகிறது, தாழ்கிறது, இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஓடுவது ஆற்றல், கயிறு அல்ல.

வேகமாக உதறினால் அலை சீக்கிரம் போய்ச் சேருமா? பலரும் ஆமாம் என்பார்கள். சேராது. அதிர்வெண் கூடும், அலைநீளம் குறையும், அவ்வளவுதான். வேகத்தை முடிவு செய்வது ஊடகம். கயிற்றை இழுத்துப் பிடித்தால் கூடும். ஒலி அலையும் அப்படித்தான்: காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டரும் நீரில் ஏறக்குறைய 1,500 மீட்டரும் செல்கிறது. வெற்றிடத்தில் நகரவே நகராது.

இந்தப் பாடத்துக்குச் சுனாமியைவிடக் கறாரான உதாரணம் கிடையாது. அதன் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது: 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர், 10 மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டர்தான். 2004 டிசம்பர் 26 அன்று ஜேசன்-1 செயற்கைக்கோள் நடுக்கடலில் அளந்த சுனாமி அலையின் உயரம் 60 சென்டிமீட்டர் அளவே. அலைநீளமோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். படகில் இருப்பவருக்கு அது உறைக்காது. கரையருகே முன்பகுதி வேகம் இழக்க, பின்பகுதி இன்னும் விரைந்து வந்து நெருக்குகிறது. அலைநீளம் சுருங்க, உயரம் பல மீட்டராகிறது.